கிடாரை ராகம் பாட வைத்த பிரிஜ் பூஷண் காப்ரா

கிடார் கற்கும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களில் இன்று பெருகிவிட்டார்கள். நான் பெங்களூரில் பல ஆண்டுகளாக வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுத்து வருபவன். என்னிடம் வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையன் கிடார்தான் வேணும்னு பிடிவாதம் பிடிக்கிறான். அது நம்ம சங்கீதம் ஆகுமா?" என்பார்கள்.

இதைச் சாதாரணக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. பிழைப்புக்காகச் சொந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களில், பேச்சு பாதி கன்னடமும் பாதி ஆங்கிலமும் ஆகிவிட்ட வீடுகளில், பாட்டு ஒன்றாவது நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற கவலை பெற்றோருக்கு இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால், ஒரு கருவி எந்த நாட்டில் பிறந்தது என்பதை வைத்து அதில் வரும் இசை யாருடையது என்று முடிவு கட்டிவிடலாமா? இந்தக் கேள்விக்கு நான் என் வாயால் பதில் சொல்வதைவிட, ஒரு பெரிய கலைஞரின் வாழ்க்கையையும், அவரோடு வாசித்தவர்களும் அவருக்குப் பின் வந்தவர்களும் அவருக்கு அளித்த இடத்தையும் எடுத்துச் சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் பிரிஜ் பூஷண் காப்ரா. 1937ஆம் ஆண்டு ராஜஸ்தானத்தின் ஜோத்பூரில் பிறந்தவர். ஹவாயன் கிடார் என்றும் ஸ்டீல் கிடார் என்றும் அழைக்கப்படும் கருவியில் இந்துஸ்தானி ராகங்களை முழுமையாக வாசித்துக் காட்டி, கச்சேரி மேடையில் அதற்கு ஓர் ஆசனம் வாங்கித் தந்தவர். 2018 ஏப்ரலில் அகமதாபாத்தில் காலமானார். அவருடைய இசையை நம் பிள்ளைகள் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் இந்தக் கட்டுரையிலேயே ஒரு பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

கருவியைத் தெரிந்துகொள்வோம்

சாதாரண கிடாரை மார்போடு அணைத்துப் பிடித்து, இடக்கை விரல்களால் தந்தியை மெட்டுகளின் மேல் அழுத்தி வாசிக்கிறார்கள். வீணையிலும் மெட்டு உண்டு என்பதால் இது நமக்குப் புதிதல்ல. ஸ்டீல் கிடாரில் முறையே வேறு. கருவியை மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்வார்கள். தந்திகள் மெட்டின் மேல் படாதபடி உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். இடக்கையில் வழவழப்பான ஓர் எஃகுத் துண்டு இருக்கும். அதைத் தந்தியின் மேல் மெல்ல வைத்து முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். வலக்கை விரல்களில் நகமுள் மாட்டித் தந்தியை மீட்டுவார்கள். 'ஸ்டீல்' என்ற பெயர் வந்தது கிடாரின் உடலால் அல்ல, கையில் பிடிக்கும் இந்த எஃகுத் துண்டால்தான்.

இதில் நன்மையும் உண்டு, கஷ்டமும் உண்டு. நன்மை என்னவென்றால், சுரத்துக்குச் சுரம் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமம் வரை ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போகலாம். மனிதக் குரல் செய்வதும் அதுதான். கஷ்டம் என்னவென்றால், சுரம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குச் சொல்லித்தர மெட்டு கிடையாது. மெட்டுக் கோடுகள் கண்ணுக்கு அடையாளமாக இருக்குமே தவிர, எஃகுத் துண்டு ஒரு நூலிழை விலகினாலும் அபசுரம்தான். தந்தியின் நீளத்தில் சரிபாதியில் மேல்ஸ்தாயி ஸட்ஜமம் பேசும். மேலே போகப் போகச் சுர இடங்கள் நெருங்கிக்கொண்டே வரும். ஆகவே வாசிப்பவருக்குக் காதுதான் மெட்டு.

நம் தமிழ்நாட்டில் இதே முறையில் வாசிக்கும் கருவி ஒன்று முன்பே இருந்தது. அதுதான் கோட்டுவாத்தியம். இப்போது அதைச் சித்திரவீணை என்றும் சொல்கிறோம். மெட்டு இல்லாத வீணை அது. கருங்காலி போன்ற கட்டையைத் தந்தியின் மேல் உருட்டி வாசிப்பார்கள். பிற்காலத்தில் டெஃப்லான் உருளையும் வந்தது. வடநாட்டில் இதற்கு இணையாக விசித்திரவீணை உண்டு. எனவே 'தந்தியின் மேல் வழுக்கி வாசித்தல்' என்பது இந்தியக் காதுக்குப் பழக்கமான ஓசையே. ஸ்டீல் கிடார் வந்தபோது நம்மவர்கள் அதை அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஹவாய்த் தீவிலிருந்து கல்கத்தாவுக்கு

பசிபிக் மாகடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில், ஓவாஹு தீவின் லாயியே என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு என்ற சிறுவர், 1880களின் இறுதியில் ஓர் இரும்புத் துண்டைக் கிடார்த் தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கத் தொடங்கினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இசை அமெரிக்கா முழுவதும் பரவியது. 1930களின் தொடக்கத்தில் மின்சாரத்தால் ஒலி பெருக்கும் முதல் கிடார்கள் விற்பனைக்கு வந்தபோது, அவையும் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடார்களாகவே இருந்தன.

லாயியேயில் வளர்ந்த இன்னொருவர் தாவ் மோ. சமோவாவில் பிறந்தவர். 1920களின் இறுதியில் ஓர் இசைக் குழுவோடு உலகப் பயணம் புறப்பட்டு, மனைவி ரோஸுடனும் பின்னர் பிள்ளைகளுடனும் ஆசியா, ஐரோப்பா எங்கும் வாசித்தார். 1940களில் அந்தக் குடும்பம் சில ஆண்டுகள் கல்கத்தாவிலேயே தங்கியது. அங்கே அவர் வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். கல்கத்தாவைச் சேர்ந்த கார்னி நைஸ் போன்றவர்கள் அவரிடமிருந்து கற்று, ஹவாய் இசையை அந்த நகரத்தில் வேரூன்றச் செய்தார்கள்.

இதற்குப் பின் வங்காளத்தில் இந்தக் கருவி வீட்டுக் கருவியாகவே ஆகிவிட்டது. ரவீந்திர சங்கீதமும் நஸ்ருல் கீதமும் அதில் ஒலித்தன. பம்பாய்த் திரையிசையில் வான் ஷிப்லி, ஹசாரா சிங் போன்றோர் புகழ் பெற்றார்கள். சுனில் கங்குலி வாசித்த திரைப்பாடல் இசைத்தட்டுகள் நம்மில் மூத்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். வானொலியில் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நடுவே, பாடகர் குரல் இல்லாமல் கிடாரே பாட்டை முழுக்கப் பாடிவிட்டுப் போகுமே, அந்த ஓசைதான் அது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை ஸ்டீல் கிடாருக்கு மெல்லிசையில்தான் இடம். சாஸ்திரிய சங்கீத மேடையில் சிதார், சரோத், சாரங்கி ஆகியவற்றின் பக்கத்தில் அதை உட்கார வைக்க யாருக்கும் எளிதில் மனம் வராத காலம் அது.

தகப்பனார் போட்ட நிபந்தனை

காப்ராவின் குடும்பம் ஜோத்பூரில் வசதியான குடும்பம். தகப்பனார் கோவர்தன்லால் காப்ரா சங்கீதத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். சரோத் மேதை உஸ்தாத் அலி அக்பர் கான் 1940களில் ஜோத்பூர் சமஸ்தான வித்துவானாக இருந்தவர். அந்தத் தொடர்பில் காப்ராவின் அண்ணன் தாமோதர்லால் காப்ரா அவரிடம் சரோத் கற்றார். இப்படி வீடு நிறையச் சங்கீதம் இருந்தும், இளைஞர் பிரிஜ் பூஷணின் மனத்தைப் பிடித்தது கல்கத்தாவில் கேட்ட ஹவாயன் கிடார்.

தகப்பனார் எப்படி நடந்துகொண்டார் என்பதை நம் பெற்றோர் கவனிக்க வேண்டும். அவர் கிடாரைத் தடுக்கவில்லை. நிபந்தனை ஒன்றை மட்டும் விதித்தார். அந்தக் கருவியில் இந்திய சாஸ்திரிய சங்கீதத்தை மட்டுமே வாசிக்க வேண்டும் என்பதே அது. மகனும் ஏற்றுக்கொண்டார். கருவி மகனுடைய விருப்பமாகவும், அதில் வரும் இசை தகப்பனாரின் விருப்பமாகவும் அமைந்தது. பிற்காலத்தில் காப்ரா பெற்ற பெயருக்கெல்லாம் அடித்தளம் இந்த ஒப்பந்தம்தான்.

அலி அக்பர் கானையே அவர் குருவாக அடைந்தார். இது ஒரு நல்ல பொருத்தம் என்பதைச் சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். சரோதுக்கு மெட்டு கிடையாது. பளபளப்பான உலோகத் தகட்டின் மேல் விரல் நகத்தால் தந்தியை வழுக்கி வாசிக்கிறார்கள். மெட்டில்லாத வாசிப்பில் சுரத்தை எப்படித் தேடுவது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நகர்வது, எங்கே நிற்பது என்பதெல்லாம் சரோத் வித்துவானுக்குப் பிறவிப் பழக்கம் போன்றது. கிடாரை எப்படிப் பிடிப்பது என்று குருவிடம் கேட்க வேண்டிய அவசியமில்லை. ராகத்தை எப்படி விரிப்பது என்று கற்றால் போதும். அதைக் கிடாரில் கொண்டுவருவது சீடனின் வேலை.

அந்த வேலைக்காகக் காப்ரா கருவியிலும் மாற்றம் செய்தார். உடல் பெருத்த கிப்சன் கிடார் ஒன்றைத் தரையில் அமர்ந்து மடியில் வைத்து வாசித்தார். சிதாரிலும் சரோதிலும் உள்ள சிகாரித் தந்தியைப் போலச் சுருதிக்கென்று ஒரு தந்தியைச் சேர்த்தார். நம் வீணையில் பக்கவாட்டில் தாளத் தந்திகள் இருப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஆலாபனையில் இடைவெளி விழும்போது அந்தத் தந்தியைத் தட்டினால் ஸட்ஜமம் காதை விட்டு அகலாது. துரித காலத்தில் அதுவே தாளம் காட்டும். பார்வைக்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் அதுவே மேற்கத்திய மெல்லிசைக் கருவி ஒன்றை ராகம் வாசிக்கத் தகுந்த கருவியாக ஆக்கியது.

1967ஆம் ஆண்டின் இசைத்தட்டு

1967ஆம் ஆண்டு எச்.எம்.வி. நிறுவனம் 'கால் ஆஃப் தி வேலி' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. பள்ளத்தாக்கின் அழைப்பு என்று பொருள். காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள் வாழ்க்கையை, விடியற்காலை முதல் இரவு வரை, அந்தந்த வேளைக்குரிய ராகங்களால் சொல்லும் தட்டு அது. சந்தூர் சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, கிடார் காப்ரா, தபலா மாணிக்ராவ் போபட்கர்.

மூவருக்கும் அப்போது வயது முப்பதை ஒட்டித்தான். மூன்று கருவிகளுமே அன்றைய சாஸ்திரிய மேடைக்குக் கிட்டத்தட்ட வெளியாட்கள். சந்தூர் காஷ்மீரத்துச் சூஃபி இசையில் பக்கக் கருவியாக இருந்தது. அதில் கமகம் வராது, ராகம் பேசாது என்று பலர் சொன்னார்கள். புல்லாங்குழல் நாட்டுப்புற இசையிலிருந்து வந்து, பன்னாலால் கோஷின் உழைப்பால்தான் இந்துஸ்தானி மேடை ஏறியது. கிடாரோ கடல் கடந்து வந்தது. இப்படிப்பட்ட மூன்று கருவிகள் சேர்ந்து வாசித்த தட்டு, இந்திய வாத்திய இசைத் தட்டுகளில் மிக அதிகமாக விற்பனையானவற்றில் ஒன்றாக ஆனது. வெளிநாட்டில் எத்தனையோ பேருக்கு இந்திய இசையின் முதல் அறிமுகமே அதுதான்.

இந்தத் தட்டில் கிடார் செய்யும் வேலையைக் கவனித்துக் கேட்க வேண்டும். சந்தூரில் தந்தியைச் சிறு கோலால் தட்டுகிறார்கள். ஒலி பிறந்தவுடன் மங்கத் தொடங்கும். ஒவ்வொரு சுரமும் தனித்தனி முத்துப் போல நிற்கும். புல்லாங்குழலில் மூச்சு உள்ளவரை ஒலி நீளும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழையும். கிடார் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மீட்டியதும் சந்தூரைப் போல ஒலி தோன்றுகிறது. எஃகுத் துண்டு நகரும்போது குழலைப் போல இழைகிறது. கிடார் இல்லாமல் மற்ற இரண்டு மட்டும் வாசித்திருந்தால் அவற்றின் ஓசைகள் இவ்வளவு ஒட்டியிருக்குமா என்பது சந்தேகமே. காப்ரா அதில் தன்னை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. மற்ற இருவருக்கும் இடம் விட்டு வாசித்திருக்கிறார். கூட்டாக வாசிக்கும் நம் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

சக கலைஞர்களின் பாராட்டு

ரசிகர்கள் கைதட்டுவது ஒருவகைப் பாராட்டு. அரசாங்கம் விருது கொடுப்பது ஒருவகை. ஆனால் ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டுவது தனி. அதில் வார்த்தை குறைவு. அந்தப் பாராட்டைச் செயலில்தான் பார்க்க முடியும். நான் அதை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதல் வகை, குரு ஏற்றுக்கொள்வது. அலி அக்பர் கான் போன்ற மேதை கிடாரோடு வந்த இளைஞரைச் சீடராக ஏற்று ராகம் சொல்லிக்கொடுத்ததே ஒரு பெரிய அங்கீகாரம். 'இதை வைத்துவிட்டுச் சரோத் எடு' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டாவது வகை, சமமாக உட்கார வைத்து வாசிப்பது. சிவகுமார் சர்மாவும் ஹரிபிரசாதும் காப்ராவோடு சேர்ந்து வாசித்தது அப்படி. பக்கவாத்தியமாக அல்லாமல் மூவரில் ஒருவராக அவர் அங்கே இருந்தார்.

மூன்றாவது வகை, அடுத்த தலைமுறை அவர் வழியில் மேலே நடப்பது. கல்கத்தாவைச் சேர்ந்த தேவாசிஷ் பட்டாச்சார்யா, 1963இல் பிறந்தவர், காப்ராவிடம் பத்தாண்டு காலம் குருகுல முறையில் பயின்றார். பின்னர் சதுரங்கி, கந்தர்வி, ஆனந்தி என்ற பெயர்களில் தாமே கிடார் வகைகளை வடிவமைத்தார். அவருடைய 'கல்கத்தா குரோனிக்கிள்ஸ்' இசைத்தொகுப்பு 2008இல் வெளிவந்து கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. குருவுக்குச் சீடன் செலுத்தும் காணிக்கை, குரு நின்ற இடத்திலேயே நின்றுவிடாமல் நடப்பதுதான் என்பதற்கு இது சான்று.

ஜெய்ப்பூரைச் சேர்ந்த விசுவ மோகன் பட் வேறு பரம்பரை. பண்டிட் ரவிசங்கரின் சீடர். கிடாரில் சிகாரித் தந்திகளும் கூட ஒலிக்கும் தந்திகளும் சேர்த்து 'மோகன வீணை' என்று பெயரிட்டார். 1992இல் அமெரிக்காவில் சாந்தா பார்பராவில் உள்ள ஒரு தேவாலயத்தில், அமெரிக்கக் கிடார்க் கலைஞர் ரை கூடருடன் அவர் வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' இசைத்தட்டு 1994இல் கிராமி விருது பெற்றது. இருவரும் அதற்குச் சற்று முன்புதான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். மொழி வேறு, நாடு வேறு. ஆனால் இருவருமே தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பவர்கள். அந்த ஒரு பழக்கமே போதுமான அறிமுகமாக இருந்தது.

நான்காவது வகைதான் என் மனத்தை மிகவும் தொட்டது. அது, மறந்து போனவரைத் தேடிச் சென்று மரியாதை செய்வது. முன்பு சொன்ன தாவ் மோ உலகமெல்லாம் சுற்றிவிட்டு முதுமையில் லாயியேக்கே திரும்பி அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். அமெரிக்கக் கலைஞர் பாப் பிராஸ்மன் பழைய ஹவாய் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்தவர். அவருடைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு லாயியேயிலிருந்து ஒரு முதியவர் தொடர்பு கொண்டார். பேச்சுக் கொடுத்தபோதுதான், தாம் போற்றிப் பாதுகாத்த 1929ஆம் ஆண்டுத் தட்டுகளில் வாசித்தவரே அவர் என்பது பிராஸ்மனுக்குத் தெரிய வந்தது. உடனே போய்ப் பார்த்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் பதிவான அதே பாடல்களை மோ குடும்பத்தாருடன் சேர்ந்து மீண்டும் பதிவு செய்தார். அந்தத் தொகுப்பு 1989இல் வெளிவந்தது. தாவ் மோ தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2004இல் மறைந்தார்.

இதே பிராஸ்மன்தான் பிறகு காப்ராவின் சீடரான தேவாசிஷுடன் சேர்ந்து 'மஹிமா' என்ற தொகுப்பை 2003இல் வெளியிட்டார். யோசித்துப் பாருங்கள். லாயியேயிலிருந்து வந்த மோ கல்கத்தாவில் விதைத்தார். கல்கத்தாவில் கேட்ட ஓசையைக் காப்ரா ராகமாக்கினார். அது தேவாசிஷிடம் போயிற்று. மோவைத் தேடிக் கண்ட பிராஸ்மன் தேவாசிஷோடு வந்து அமர்ந்தார். போன இசை திரும்பி வந்து சேர ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆயிற்று.

நமக்கு இதில் என்ன பங்கு?

இதெல்லாம் வடநாட்டுக் கதைதானே என்று எண்ண வேண்டாம். நம் பங்கு சிறிதல்ல.

கோட்டுவாத்தியத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேடைக்குக் கொண்டுவந்தவர் திருவிடைமருதூர் சகாராமராவ். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். ஆம், வாய்ப்பாட்டு மேதையாக நாம் அறிந்த அதே செம்மங்குடிதான். ஒரு பாடகர் தம் பயிற்சிக்குக் கோட்டுவாத்திய வித்துவானை நாடினார் என்றால், அந்தக் கருவி குரலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது புரியும். சகாராமராவின் இன்னொரு சீடர் கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார். இவர் மைசூர் அரண்மனையின் ஆதரவைப் பெற்று விளங்கியவர். அதாவது தஞ்சைத் தரணியின் கருவி ஒன்றைப் போற்றி வளர்த்தது நாம் இன்று வாழும் இந்தக் கன்னட நாடு. அவர் பேரன் சித்திரவீணை ரவிகிரண் 1967இல் மைசூரில் பிறந்தவர்.

1995இல் 'மும்தாஜ் மஹால்' என்ற இசைத்தட்டு வந்தது. அதில் மோகன வீணையும் சித்திரவீணையும் தாஜ் மஹால் என்ற பெயர் கொண்ட அமெரிக்கப் புளூஸ் கலைஞரின் கிடாரும் சேர்ந்து ஒலிக்கின்றன. வழுக்கி வாசிக்கும் வடநாட்டுக் கருவியும் தென்னாட்டுக் கருவியும் ஒரே அறையில் சந்தித்த தட்டு அது. இதையும் ரை கூடர் தட்டையும் பதிவு செய்து வெளியிட்டவர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர். இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். இடம் பெயர்ந்து போன ஒருவர் இப்படி நாலு நாட்டுக் கலைஞர்களை ஒன்றாக உட்கார வைத்தார் என்பது நமக்கெல்லாம் ஊக்கம் தரும் செய்தி.

நம் பெங்களூரிலேயே பிரகாஷ் சோண்டக்கே இந்துஸ்தானி இசையை ஸ்லைடு கிடாரில் வாசித்து வருகிறார். எனவே நம் பிள்ளைகள் இந்தக் கருவியை நேரில் கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கான கேட்கும் பயிற்சி

பாடம் என்று சொன்னதால் பயிற்சி இல்லாமல் முடிக்கக் கூடாது. 'கால் ஆஃப் தி வேலி' இன்று எளிதாகக் கிடைக்கிறது. குடும்பமாக உட்கார்ந்து கீழ்க்கண்டபடி கேட்டுப் பாருங்கள்.

1. முதலில் கருவியை அடையாளம் காணுங்கள். ஒவ்வொரு முறை கிடார் வரும்போதும் சிறுவர்கள் கையை உயர்த்தட்டும். முதல் நாள் குழலோடு குழம்பும். இரண்டாம் நாள் தெளியும்.

2. ராகத்தை நம் பெயரில் அறியுங்கள். தட்டில் வரும் ஆஹிர் பைரவ், நம் சக்கரவாகத்துக்கு நெருக்கமானது. நட பைரவ், சரசாங்கியின் சுரங்களைக் கொண்டது. பூப், நம் மோகனம். தேஸ், நம் தேஷ் ராகம். பீலு, காபியின் சாயல் உடையது. பஹாடி மலைநாட்டு மெட்டிலிருந்து வந்தது. பாட்டுக் கற்கும் பிள்ளைகள் பூப் வரும்போது மோகனத்தின் ஆரோகண அவரோகணத்தை மெல்லப் பாடிப் பார்க்கலாம். ஸ ரி க ப த என்ற ஐந்து சுரங்களுக்குள்ளேயே இவ்வளவும் நடக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

3. இழுப்பைக் கவனியுங்கள். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குக் கிடார் எப்படிப் போகிறது? நேரே தாவுகிறதா, வழுக்கிப் போகிறதா? நாம் ஜாரு என்று சொல்வதை அவர்கள் மீண்டு என்கிறார்கள். ஒரு மீண்டு முடியும் வரை மூச்சை அடக்கி, பிறகு அதையே குரலால் பாடிப் பாருங்கள். குரலால் பாட முடிந்தால்தான் கையால் வாசிக்க முடியும்.

4. மௌனத்தையும் கேளுங்கள். காப்ரா வேகமாக வாசிக்கத் தெரியாதவர் அல்லர். ஆனால் ஆலாபனையில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அது மங்கும் வரை காத்திருப்பார். எந்த இடத்தில் காத்திருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது ராகத்தின் உயிர் சுரமாக இருக்கும்.

5. வீட்டில் கிடார் இருந்தால், பிள்ளை தினமும் பத்து நிமிடம் ஒரே தந்தியில் ஸரளி வரிசையை வாசிக்கட்டும். மற்ற ஐந்து தந்திகளையும் தொட வேண்டாம். ஒரு தந்தியில் ஸ ரி க ம ப த நி ஸ வாசிக்கும்போது, சுர இடங்கள் மேலே போகப் போக நெருங்குவதைக் கண்ணாலேயே காணலாம். சுருதிப் பெட்டியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் அந்த வரிசையைக் கையால் வாசித்துக்கொண்டே வாயாலும் பாட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

கிடார் நம் சங்கீதம் ஆகுமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கிடாரை வாங்கிக் கொடுப்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிட்டால் ஆகாது. காப்ராவின் தகப்பனாரைப் போலக் கருவியைக் கொடுத்து, கூடவே இசையையும் கொடுத்தால் ஆகும். வயலினை நாம் வெளிநாட்டுக் கருவி என்று இன்று சொல்கிறோமா? பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் அதுவும் கப்பலில் வந்த கருவிதான். இப்போது வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம்.

அவர் போட்டது போல மிகக் கடுமையான நிபந்தனை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை தனக்குப் பிடித்த பாட்டையும் வாசிக்கட்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது ஒரு கீதமோ, ஒரு திருப்புகழோ, பாட்டி பாடிய தாலாட்டோ அந்தத் தந்தியில் ஒலிக்க வேண்டும். பாட்டியிடம் கேட்டுக் கற்றால் இன்னும் நல்லது. கருவி பேரனுடையது, பாட்டு பாட்டியுடையது என்று ஆகும்போது இரண்டும் வீட்டில் நிலைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் இன்னும் பல பேட்டைகளிலும், ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுக்களில் கிடாரும் மாண்டலினும் வயலினும் வாசித்த பெரியவர்கள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இரவு முழுக்க வாசித்தவர்கள். மேடையில் பாடகர் பெயரைச் சொல்வார்கள். இவர்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பல வீடுகளில் அவர்களுடைய கருவி உறை போட்டபடி அலமாரியின் மேல் கிடக்கிறது. தாவ் மோவைத் தேடிப் போகப் பிராஸ்மனுக்கு ஒரு கடலைக் கடக்க வேண்டியிருந்தது. நமக்கு இரண்டு தெருவைக் கடந்தால் போதும்.

வரும் விடுமுறையில் உங்கள் தெருவில் உள்ள அப்படி ஒருவர் வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வணங்கிவிட்டு, ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விரல் நடுங்கினாலும் பரவாயில்லை. சுரம் எங்கே இருக்கிறது என்பதை அவர் காது மறந்திருக்காது. அவர் கைபேசியில் பதிவு செய்ய அனுமதித்தால் பதிவு செய்து வையுங்கள். அவர் வாசித்த நாட்களையும் ஊர்களையும் உடன் வாசித்தவர்களின் பெயர்களையும் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் அப்படிப்பட்ட மூத்த கலைஞர் ஒருவரை மேடையில் அமர்த்தி, இன்று கற்கும் பிள்ளைகள் அவர் முன் ஒரு பாட்டாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. நிர்வாகக் குழுவினரும் உறுப்பினர்களும் இதை ஆலோசிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.